ஊர் புதுசு, பாஷை புதுசு: வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டுக்குப் போன இடத்தில் உள்ளூர்ச் செய்தியை எப்படித் தெரிந்துகொள்வது என்று வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: அக்டோபரில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். அது புயல் சீசன் என்கிறார்கள், நிலநடுக்கம் வேறு. எங்களில் யாருக்கும் ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஹோட்டல் டி.வி.யில் எச்சரிக்கை ஓடினால் அது எங்களுக்கா, வேறு ஊருக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*— வாசகி, ஈரோடு*

பதில்: செய்தி முழுவதும் புரிய வேண்டும் என்று நினைத்தால் தலைசுற்றும். எந்த இடம், எப்போது, நான் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். ஜப்பானில் இந்த மூன்றையும் நிறத்திலும் எண்ணிலும் வரைபடத்திலும் காட்டிவிடுவார்கள்.

கிளம்பும் முன்பே போனில் இரண்டு செயலிகளை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒன்று 'சேஃப்டி டிப்ஸ்'. ஜப்பான் சுற்றுலாத் துறையின் மேற்பார்வையில் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே வந்தது. நிலநடுக்கம், சுனாமி, கனமழை எச்சரிக்கைகளை ஆங்கிலத்தில் தரும். இன்னொன்று ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் 'என்.எச்.கே. வேர்ல்ட்'. உள்ளூர் சிம் இருந்தால் அரசு எச்சரிக்கை தானாகவே போனில் அலறும். ஆனால் நம் ஊர் சிம்மை ரோமிங்கில் வைத்திருக்கும் போன்களுக்கு அது வராமலும் போகலாம். அதனால்தான் செயலி அவசியம் என்கிறோம்.

ஹோட்டல் டி.வி.யில் என்.எச்.கே. பொதுச் சேனல் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் 1-ஆம் எண். சில ஊர்களில் 3. இரவு 7 மணிச் செய்திக்கும் 9 மணிச் செய்திக்கும் ஆங்கில ஒலி உண்டு. ரிமோட்டில் ஒலி மாற்றும் பட்டனை அழுத்த வேண்டும். எந்தப் பட்டன் என்று தெரியாவிட்டால் ரிசப்ஷனில் "ஒன்சேய் கிரிகாஎ?" என்று ரிமோட்டை நீட்டினால் காட்டிவிடுவார்கள்.

இனி நிலநடுக்கம். நமக்கு 'ரிக்டர் 6' என்று கேட்டுத்தான் பழக்கம். ஜப்பான் டி.வி. முதலில் சொல்வது 'ஷிந்தோ'. அதாவது உங்கள் ஊரில் தரை எவ்வளவு ஆடியது என்ற அளவு. 0-இலிருந்து 7 வரை போகும். 5-லும் 6-லும் 'கீழ்', 'மேல்' என்று இரண்டு படிகள் உண்டு. வரைபடத்தில் உங்கள் ஊர் இருக்கும் இடத்தில் 3 என்று இருந்தால் கட்டடத்துக்குள் இருக்கும் பெரும்பாலானோர் உணர்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். 5 கீழ் வந்தால் அலமாரியில் உள்ளவை விழும், லிஃப்ட் நின்றுவிடலாம், ரயிலை நிறுத்திச் சோதிப்பார்கள். 6 கீழ் என்றால் நிற்பதே சிரமம்.

அடுத்து, பலரைப் பதற வைக்கும் ஒரு வாக்கியம். நிலநடுக்கம் முடிந்த சில நிமிடங்களில் அறிவிப்பாளர் வாயிலிருந்து 'ட்சுனாமி' என்ற சொல் வரும். உடனே மாடிக்கு ஓட வேண்டாம். முழு வாக்கியத்தையும் கேளுங்கள். "ட்சுனாமி நோ ஷிம்பாய் வா அரிமாசென்" என்று முடிந்தால், சுனாமி அபாயம் இல்லை என்று பொருள். பெரும்பாலான நிலநடுக்கங்களுக்குப் பிறகு வருவது இதுதான். 'அரிமாசென்' என்ற கடைசிச் சொல்லை மட்டும் காதில் பதித்துக்கொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

உண்மையிலேயே சுனாமி எச்சரிக்கை என்றால் கடற்கரைக் கோடு வரைபடத்தில் நிறம் மாறும். மஞ்சள் என்றால் 1 மீட்டர் வரை. தண்ணீரை விட்டு வெளியேறிக் கரையிலிருந்து விலகுங்கள். சிவப்பு என்றால் 3 மீட்டர் வரை. ஊதா அதற்கும் மேல். சிவப்போ ஊதாவோ வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் மேட்டுக்கோ உயரமான கட்டடத்துக்கோ போக வேண்டும். 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ நிலநடுக்கத்தின்போது என்.எச்.கே. அறிவிப்பாளர் கிட்டத்தட்டக் கத்தினார். குழந்தைகளும் வெளிநாட்டவரும் படிக்கும்படி எளிய எழுத்தில் 'உடனே ஓடுங்கள்' என்று திரையை நிறைத்தார்கள். அறிவிப்பாளரின் குரலே உங்களுக்குச் செய்தி.

புயலில் வேறு மாதிரிச் சிக்கல். நம் ஊர்ச் செய்தியில் புயலுக்குப் பெயர் இருக்கும்; ஜப்பானில் அந்த ஆண்டின் வரிசை எண்தான் வழக்கம். 2019 அக்டோபரில் உலகம் 'ஹகிபிஸ்' என்றதை ஜப்பான் டி.வி. '19-ஆம் எண் தைஃபூ' என்றது. இரண்டும் வேறு வேறு புயல் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். காற்று வேகத்தையும் நொடிக்கு இத்தனை மீட்டர் என்பார்கள், 3.6-ஆல் பெருக்குங்கள். 'காற்று 30' என்பது மணிக்கு 108 கிலோமீட்டர்.

கனமழை, வெள்ளத்துக்கு 1 முதல் 5 வரை அபாய நிலைகள். 3 என்றால், ஆற்றோரம், மலைச்சரிவு போன்ற அபாயமான இடங்களில் இருக்கும் முதியவர்களும் நடக்கச் சிரமப்படுவோரும் கிளம்ப வேண்டும். 4 வந்தால் அங்கே இருக்கும் எல்லோருமே வெளியேற வேண்டும். "5 வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. 5 என்றால் ஆபத்து வந்தேவிட்டது. இருக்கும் இடத்திலேயே உயிரைக் காத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

பெரும் புயலுக்கு முன்பே ரயில் நிறுவனங்கள் 'கெய்காக்கு உன்க்யூ' என்று அறிவிப்பார்கள். திட்டமிட்ட ரயில் நிறுத்தம். ஓரிரு நாள் முன்னதாகவே தெரியும் என்பதால் விமான நிலையப் பயணத்தை முந்தைய நாளுக்கு மாற்றிவிடலாம். அன்றாடம் ஸ்டேஷனில் கேட்கும் மூன்று சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: 'சியென்' தாமதம், 'உன்தென் மிஅவாசே' ஓட்டம் நிறுத்திவைப்பு, 'உன்தென் சைகாய்' மறுபடி ஓடத் தொடங்கியது. இவற்றை எழுத்தில் அடையாளம் காண, மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய எழுத்தோடு இப்போதே சேமித்து வையுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுச் செய்தியை கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழாக்கினால் அபத்தமாக வருகிறது. என் போனில் கோளாறா?
*— வாசகர், விருதுநகர்*

பதில்: போன் பாவம், விட்டுவிடுங்கள். ஜப்பானியம், கொரியன், ஜெர்மன் போன்றவற்றிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது தரம் நன்றாக இருக்கும். நேராகத் தமிழுக்குக் கேட்டால் ஒரு படி இறங்கும். ஓரளவு ஆங்கிலம் படிப்பவர் என்றால் முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்காகத் தமிழ் தேவைப்பட்டால், அந்த ஆங்கிலத்தைச் சின்ன வாக்கியங்களாக உடைத்துத் தமிழாக்குங்கள்.

தவறு எங்கே வரும் என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாயை அடிக்கடி சொல்லாமல் விடுவார்கள். இயந்திரம் தானாக ஒரு 'அவர்' அல்லது 'நான்' போட்டு நிரப்பும். யார் கைதானார், யார் புகார் கொடுத்தார் என்பது தலைகீழாகப் போவது இப்படித்தான்.

ஊர்ப்பெயர் இன்னும் மோசம். ஒரே இரண்டு எழுத்துகளை டோக்கியோவில் 'மிதா' என்று படிப்பார்கள், ஹியோகோ மாவட்டத்தில் 'சண்டா' என்பார்கள். இயந்திரம் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். வாசித்தால் ஒரே மாதிரி ஒலிக்கும் ஊர்களும் உண்டு: ஃபுச்சூ டோக்கியோவிலும் இருக்கிறது, ஹிரோஷிமாவிலும் இருக்கிறது. எனவே ஊர்ப்பெயரை மொழிபெயர்க்காமல், மூல எழுத்தை அப்படியே நகலெடுத்து மேப்பில் ஒட்டுங்கள். கூடவே மாவட்டப் பெயரையும் சேர்த்து ஒட்டினால் சரியான இடத்தில் நிற்கும்.

எண்ணிலும் இடறும். ஜப்பானிய, சீனச் செய்திகள் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணும். அந்த அலகு 10 என்றால் நம் 1 லட்சம்; 100 என்றால் 10 லட்சம். அதற்கு அடுத்த பெரிய அலகு நம் 10 கோடி. லட்சம், கோடி பழகிய நமக்கு மில்லியனைவிட இது சுலபம்தான். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும்: 1.500 என்று போட்டிருந்தால் ஆயிரத்து ஐந்நூறு, 1,5 என்றால் ஒன்றரை. ஜெர்மன்காரர் 'ஹால்ப் ஆக்ட்', அதாவது 'அரை எட்டு' என்றால் எட்டரை அல்ல, ஏழரை! இதை நம்பி ரயிலுக்குப் போகும்போது கவனம்.

செய்திப் பக்கத்தை கேமராவில் பிடித்துப் படிப்பது மெனு கார்டுக்குச் சரி, நீளமான செய்திக்கு ஒத்துவராது. வரிகள் முறிந்து, பத்தி மாறி, ஒரு வாக்கியத்தின் வாலை இன்னொன்றின் தலையில் ஒட்டிவிடும். பிரவுசரில் பக்கத்தைத் திறந்து முழுப்பக்க மொழிபெயர்ப்பு கொடுங்கள். அச்சுப் பேப்பர் என்றால் ஒவ்வொரு பத்தியாகப் படம் எடுங்கள்.

கேள்வி: பாரிஸ், ரோம் இரண்டுக்கும் டிக்கெட் போட்டாயிற்று. ஸ்டிரைக் என்றால் முன்கூட்டியே எப்படித் தெரியும்?
*— வாசகர், கோவை*

பதில்: இரண்டு நாட்டிலும் ஸ்டிரைக் திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை, நோட்டீஸ் கொடுத்துத்தான் செய்வார்கள்.

பிரான்ஸில் தேட வேண்டிய சொல் 'க்ரேவ்'. பொதுப் போக்குவரத்துத் தொழிற்சங்கம் குறைந்தது 5 நாள் முன்பு நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸுக்கு 'ப்ரேஅவி' என்று பெயர். நோட்டீஸ் வந்ததும் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடாதீர்கள். கொடுத்த நோட்டீஸ் எல்லாம் பெரிய ஸ்டிரைக் ஆவதில்லை. 2007-இல் வந்த சட்டப்படி, ரயில் ஓட்டத்துக்கு அவசியமான ஊழியர்கள் தாம் கலந்துகொள்ளப்போவதை 48 மணி நேரம் முன்பே நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். அதை வைத்து எந்த ரயில் ஓடும், எது ஓடாது என்ற பட்டியலை 24 மணி நேரம் முன்பு வெளியிடுவார்கள். ஆக, நீங்கள் பார்க்க வேண்டிய நேரம் முந்தைய நாள் மாலை. அப்போது செய்தியில் "அன் த்ரேன் சுர் த்ருவா" என்று வரும். மூன்று ரயிலுக்கு ஒன்றுதான் ஓடும். 'சுர் த' என்றால் இரண்டுக்கு ஒன்று. நீண்டதூர ரயிலுக்கு 'எஸ்.என்.சி.எஃப். கனெக்ட்' செயலி, பாரிஸ் மெட்ரோவுக்கு ஆர்.ஏ.டி.பி. செயலி. 'ரெகோந்துக்தீப்ள்' என்ற சொல் கண்ணில் பட்டால் மட்டும் கொஞ்சம் கவலைப்படலாம். ஒரு நாளோடு முடியாமல் தினமும் நீட்டிக்கக்கூடிய ஸ்டிரைக் அது.

இத்தாலியில் சொல் 'ஷோப்பெரோ'. நோட்டீஸ் 10 நாள். போக்குவரத்து அமைச்சகத்தின் இணையப் பக்கத்திலேயே வரவிருக்கும் ஸ்டிரைக் பட்டியல், தேதி, துறை, பகுதி எல்லாம் இருக்கும். அதில் 'ரெவொகாத்தோ' என்று போட்டிருந்தால் கைவிடப்பட்டது. வேலைநாள் ஸ்டிரைக்கில்கூட காலை 6 முதல் 9 வரையிலும் மாலை 6 முதல் 9 வரையிலும் பிராந்திய ரயில்கள் ஓடியாக வேண்டும். விமானங்களுக்குக் காலை 7 முதல் 10, மாலை 6 முதல் 9. உங்கள் பயணத்தை இந்த நேரங்களுக்குள் நுழைத்துக்கொள்ள முடியுமா பாருங்கள். ஜூலை 27 முதல் செப்டம்பர் 5 வரை இத்தாலியில் விமானத் துறை ஸ்டிரைக்குக்குத் தடை உண்டு என்பதும் கோடை விடுமுறைக்காரர்களுக்குப் பயன்படும்.

கேள்வி: மகன் ஜெர்மனியில் இருக்கிறான். மூன்று மாதம் அங்கே தங்கப்போகிறோம். அவன் ஆபீஸ் போன பிறகு உள்ளூர்ச் செய்தியைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஏதாவது வழி? எனக்கு 64 வயது, கார் ஓட்டுவேன்.
*— வாசகர், தஞ்சாவூர்*

பதில்: மூன்று மாதம் இருக்கிறீர்கள் என்றால் காது பழக நல்ல அவகாசம். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லெ செய்தியை வேண்டுமென்றே நிதானமாக, எழுத்து வடிவத்தோடு தருகிறது. 'டாகஸ்ஷவ்' டி.வி. செய்தியும் 2024 ஜூன் முதல் எளிய ஜெர்மனில் வருகிறது. புரிந்தால் பாருங்கள், இல்லையென்றால் மனத்தை வருத்திக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு அவசியமானது எச்சரிக்கைதான். அதற்கு அரசின் 'நினா' செயலி, ஆங்கிலம் உண்டு. அமைப்பில் போய் மகன் வீட்டு ஊரைச் சேர்த்துவிட்டால் அந்த ஊருக்கான எச்சரிக்கை மட்டும் வரும்.

அதில் 'போம்பென்-என்ட்ஷெர்ஃபுங்' (குண்டைச் செயலிழக்கச் செய்தல்) என்று வந்தால் பயங்கரவாதம் என்று எண்ணி ஊருக்கு போன் போட வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் விழுந்து வெடிக்காத குண்டுகள் இன்றும் கட்டுமானப் பணிகளில் கிடைக்கின்றன. சுற்றுவட்டாரத்தைக் காலி செய்து, செயலிழக்கச் செய்துவிட்டு, மறுபடி உள்ளே விடுவார்கள். 2025 ஜூன் 4 அன்று கொலோன் நகரில் மூன்று குண்டுகளுக்காகச் சுமார் 20,000 பேரை வெளியேற்றினார்கள். உங்கள் தெரு அந்த வட்டத்துக்குள் வந்தால் பாஸ்போர்ட், மாத்திரை, போன் சார்ஜர் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கதவைத் தட்டுபவர்களுடன் வாதாடாதீர்கள்.

கார் ஓட்டுவீர்கள் என்பதால் இது முக்கியம். கார் ரேடியோவில் 'டி.ஏ.' என்ற பட்டனை அழுத்தி வையுங்கள். பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாலும் போக்குவரத்து அறிவிப்பு வரும்போது ரேடியோ தானாக அதற்கு மாறும். 'ஷ்டாவ்' என்றால் நெரிசல், 'ஃபோல்-ஷ்பெருங்' என்றால் சாலை முழு அடைப்பு. 'ஃபால்ஷ்-ஃபாரர்' என்ற சொல்லோடு நீங்கள் போகும் நெடுஞ்சாலை எண்ணும் சேர்ந்து வந்தால், யாரோ எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கிறார்கள். வலது ஓரத் தடத்தில் ஒட்டிப் போங்கள், முந்தவே முந்தாதீர்கள். ஆபத்து நீங்கியது என்று மறுபடி சொல்லும் வரை அப்படியே. நெடுஞ்சாலை எண் 'ஆ' என்ற எழுத்தோடு தொடங்கும்: 'ஆ ஆக்ட்' என்றால் ஏ-8. ஒன்று முதல் பத்து வரை ஜெர்மன் எண்களைப் படித்துவிட்டே காரை எடுங்கள். பிரான்ஸ் நெடுஞ்சாலையில் இதே வேலைக்கு 107.7 எஃப்.எம்., இத்தாலியில் 103.3.

கேள்வி: சைரன் ஒலித்தால்?
*— வாசகி, நாகர்கோவில்*

பதில்: முதலில் கடிகாரத்தையும் காலண்டரையும் பாருங்கள். பிரான்ஸில் மாதத்தின் முதல் புதன் நண்பகல் வாக்கில் ஒலிப்பது சோதனை. ஜெர்மனியில் செப்டம்பர் இரண்டாவது வியாழன் காலை 11 மணிக்கு நாடு தழுவிய சோதனை. மற்ற நேரத்தில் ஜெர்மனியில் ஒரு நிமிடம் ஏறி இறங்கி ஒலித்தால் எச்சரிக்கை. ஒரே சீராக ஒரு நிமிடம் ஒலித்தால் ஆபத்து நீங்கியது. எச்சரிக்கை என்றால் வெளியே வந்து வேடிக்கை பார்க்காமல், உள்ளே இருந்து ரேடியோவையோ செயலியையோ பாருங்கள்.

கேள்வி: தாய்லாந்துச் செய்தியில் 2568 என்று ஆண்டு போட்டிருக்கிறார்களே, அச்சுப் பிழையா?
*— வாசகர், சிவகாசி*

பதில்: இல்லை, புத்த ஆண்டு. 543-ஐக் கழித்தால் 2025. ஜப்பானில் 'ரெய்வா 7' என்று இருந்தால் 2018-ஐக் கூட்டுங்கள், அதுவும் 2025. பழைய வெள்ளச் செய்தியை இன்றைய செய்தி என்று நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: அரபு எழுத்தில் சைபர் வெறும் புள்ளி, நம் சைபர் போல வட்டமாக இருப்பது 5.

கேள்வி: நாங்கள் ஜப்பானில் இருக்கும்போது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் "அங்கே பெரிய நிலநடுக்கம் வரப்போகிறதாம், உடனே கிளம்பி வா" என்று அனுப்பினால் எதை நம்புவது?
*— வாசகி, மதுரை*

பதில்: தேதி குறித்துச் சொன்னால் நம்பாதீர்கள். 2025 ஜூலை 5 அன்று பேரழிவு என்று ஒரு வதந்தி ஆசியா முழுக்கச் சுற்றியது. ஹாங்காங்கிலிருந்து சில விமானச் சேவைகளைக் குறைக்கும் அளவுக்குப் போனது. தேதி, இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்ல இன்றைய அறிவியலால் முடியாது என்று ஜப்பான் வானிலை முகமையே விளக்கம் சொன்னது. ஜூலை 5 வந்தது, போனது.

உண்மையான அறிவிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு 2024 ஆகஸ்ட் 8. கியூஷூ தீவுப் பக்கம் 7.1 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டதும், நன்காய் பள்ளம் எனப்படும் பகுதியில் பெரிய நிலநடுக்கத்துக்கான வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது என்று அந்த முகமை எச்சரித்தது. வரும் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் தயாராக இருங்கள் என்றது. ஷின்கான்சென் அதிவேக ரயில் சில பகுதிகளில் வேகத்தைக் குறைத்து ஓடியது. ஒரு வாரம் கழிந்ததும் அந்த அறிவிப்பு முடிந்தது.

வீடியோ வந்தால், அதில் தெரியும் ஊர்ப் பலகையைத் தேடுங்கள், மரங்களையும் உடைகளையும் பாருங்கள். ஜனவரி என்று சொல்லிவிட்டு எல்லோரும் அரைக்கைச் சட்டையில் இருந்தால் பழசு. ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடினால் பழைய பதிவு பெரும்பாலும் அகப்படும். பிறகு நாட்டுச் செய்தி நிறுவனத்தின் ஆங்கிலப் பக்கம், இந்தியத் தூதரகத்தின் எக்ஸ் பக்கம் இரண்டையும் பாருங்கள். அம்மாவுக்கு அந்த இணைப்பை அனுப்புவதைவிட, "நான் இருக்கும் ஊரில் ஷிந்தோ 2, சாப்பிட்டாயிற்று" என்று குரல் பதிவு போட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

கேள்வி: நெட் இல்லாத நேரத்தில் என்ன செய்வது?
*— வாசகர், காரைக்கால்*

பதில்: ஊரிலேயே வைஃபையில் இருக்கும்போது, போகும் நாட்டு மொழியையும் ஆங்கிலத்தையும் மொழிபெயர்ப்புச் செயலியில் ஆஃப்லைனுக்கு இறக்கிவிடுங்கள், அந்த நகரத்து மேப்பையும் இறக்குங்கள். பிறகு போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு வாக்கியம் மாற்றிப் பாருங்கள். விமான நிலையத்தில் இறங்கிய பிறகு 'டவுன்லோட் செய்யவும்' என்று அது கேட்பதுதான் வழக்கமான தலைவலி. தூதரக அவசர எண்ணையும் ஹோட்டல் முகவரியையும் உள்ளூர் எழுத்தில் ஒரு தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள்.

ஜப்பானில் பேரிடர் நேரத்தில், ஐந்து சைபரும் தொடர்ந்து ஆங்கிலத்தில் 'ஜப்பான்' என்றும் பெயர் கொண்ட இலவச வைஃபை திறக்கப்படும். கடவுச்சொல் கிடையாது, யாரும் இணையலாம். பூட்டு இல்லாத இணைப்பு என்பதால் அதில் செய்தி பார்க்கலாம், வீட்டுக்குத் தகவல் சொல்லலாம். பேங்க் செயலியை மட்டும் திறக்காதீர்கள்.